கரையில் நின்ற பக்கம்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து ஒரு தாய் ஒரு நாள் என்னுடன் தொலைபேசியிற் பேசினார். எங்கள் பாடசாலையின் இணையப் பக்கத்தில், தம் மகளின் தவணைப் பெறுபேற்றுக்குரிய இடம் வெறுமையாகக் கிடப்பதாகச் சொன்னார். “வசதிக் கட்டணம் கட்டாதபடியால் மறைத்துவிட்டீர்களா, சேர்?” என்றும் கேட்டார்.

புள்ளிகள் தரவுத்தளத்திற் பத்திரமாகவே இருந்தன. நானோ பக்கத்தை எழுதிய இளம் ஆசிரியரைக் கடிந்துகொண்டேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அவர் பொறுமையுடன் விளக்கியதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

அப்பக்கம் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. கிறீன்லாந்திற் பிறந்த ரஸ்மஸ் லெர்டோர்ப் 1994இல் தமது சொந்தப் பக்கத்துக்கெனத் தொடங்கி, 1995இல் உலகுக்கு வழங்கிய மொழி அது. அதில், பக்கத்தை உடனுக்குடன் அனுப்பாது தேக்கிவைத்து, அனுப்பும் தறுவாயில் ஒரு செயற்கூற்றின் கையிற் கொடுத்துத் திருத்துவிக்கலாம். நம் ஆசிரியர் அச்செயற்கூற்றுக்குள்ளேதான் தரவுத்தளத்திடம் புள்ளிகளைக் கேட்டிருந்தார். இணைப்புக் கிடையாவிடின் இடத்தை வெறுமையாக விடும்படியும் எழுதியிருந்தார்.

நிரல் முடிந்ததும் பி.எச்.பி. தன் வீட்டை ஒதுக்கத் தொடங்குகின்றது. இறுதியில் நடக்கவெனப் பதிந்துவைத்த வேலைகள் முதலில் நடக்கும். அடுத்துப் பொருள்கள் அழிக்கப்படும். அதன் பின்னரே தேங்கிய பக்கம் புறப்படும். தரவுத்தள இணைப்பும் அவ்வாறு அழியும் பொருள்களுள் ஒன்று. 2014இற் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையிற் படகுப்பாதைக்குக் காத்து நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடைசிப் பயணி துறைக்கு வருமுன்னரே பாதைக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்!

இன்னொரு தொல்லையும் உண்டு. அச்செயற்கூற்றுக்குள் நின்று ஏதேனும் அச்சிட முனைந்தால், அது பக்கத்தில் வராது. ஆதலின் பிழை நேர்ந்தது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

அப்படியாயின் சோதனையின்போது எவ்வாறு சரியாக ஓடிற்று? தேக்கத்தைத் திறந்துவிடும் கட்டளையை அவரே நிரலின் கடைசி வரியாக எழுதியிருந்தார். இணைப்பு உயிரோடிருக்கும்போதே பக்கம் புறப்பட்டது. பின்னர் அவ்வரி நீக்கப்பட்டது. அஃதின்றியும் முடிவிற் பக்கம் தானே போய்விடுமல்லவா? கட்டுரை திருத்தும் பழக்கத்தில், மிகையான வரிகளை வெட்டுங்கள் என்று அவருக்குப் புத்தி சொன்னவன் வேறு யாருமல்லன், நானே.

இப்பொழுது அவ்வரி மீண்டும் இடம்பெற்றுள்ளது. அன்றியும், புள்ளிகள் முன்னதாகவே வாங்கி வைக்கப்படுகின்றன. செயற்கூறு அவற்றை உரிய இடத்தில் நிரப்புவதோடு சரி. பிழைகள் தனியே ஒரு பதிவுக் கோப்பிற்குச் செல்கின்றன.

ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். படுவான்கரைத் தாய்க்கு அவர் மகளின் புள்ளிகளை, பாடம் பாடமாக, தொலைபேசியிலேயே வாசித்தேன்.