குட்டிக்கு ஒரு கை சாளை



எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டியாக ஓர் அல்சேஷன் வந்தது. நாய்க்குப் பச்சைக் கறிதான் இயல்பான தீனி என்று யாரோ சொன்னதை நம்பி, தினமும் எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறி கொடுத்தேன். நான்காம் மாதம் குட்டியின் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. படியேறும்போது முனகும். பார்த்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது இதைத்தான்: "அண்ணாச்சி, எலும்பே இல்லாம வெறுங்கறி மட்டுமா குடுத்திய?"

ஒரு கிலோ சதைக்கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியமோ 100ஐ ஒட்டித்தான். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். தீனியில் கிடைக்காததை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி ஏவிவிட, குட்டியின் சொந்த எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பார்வைக்குக் குட்டி கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். ஓநாய் சதையை மட்டும் பிரித்துத் தின்பதில்லை, எலும்பையும் நொறுக்கித் தின்கிறது. பச்சை உணவு முறையைப் பரப்பிய ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் வெளியிட்ட நூலின் பெயரே, நாய்க்கு ஓர் எலும்பு கொடு என்பதுதான். நாம் 'பச்சை'யைப் பிடித்துக்கொண்டு எலும்பை விட்டுவிட்டோம்.

அதற்காகக் கால்சியம் மாத்திரையை அள்ளிப் போடவும் கூடாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கால்நடை ஆய்வாளர் ஹாசவின்கல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தை மிகையாகக் கொடுத்துப் பார்த்து, எலும்பு வளர்ச்சி கோணுவதை 1985இல் எழுதினார்கள். மிகுந்த கால்சியத்தைத் தள்ளிவிடும் திறன் சிறு குட்டியின் குடலுக்கு இல்லை.

பச்சையாகவே எலும்போடு கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நம் ஊர் வெக்கையில் கடையில் தொங்கும் இறைச்சியில் சால்மொனெல்லா கிருமி வேகமாகப் பெருகும். நாய் அதைத் தாங்கிக்கொள்ளலாம். அது முகத்தை நக்கும் நம் பிள்ளைகள் தாங்குவார்களா? ஆட்டு ஈரல், நுரையீரலில் சில நேரம் நீர்க்கட்டிகள் இருக்கும். அவை நாடாப்புழுவின் இளம்பருவம். பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் புழுவாகி, அதன் மலத்தில் முட்டையிடும்; அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி வளரும். வெட்டுக்கடைக் கழிவை நாய்க்கு எறிகிற பழக்கத்தை நாம் அறவே விட வேண்டும்.

மீனும் அப்படியே. 1932இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு நரிப்பண்ணையில் பச்சைக் கெண்டை மீன் தின்ற நரிகள் கால் இழுத்துச் செத்தன. அந்த மீனிலிருந்த தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழித்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. நெத்தோலியிலும், சாளையின் இனத்தைச் சேர்ந்த பல மீன்களிலும் அந்த நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

இங்கேதான் நம் கடற்கரை கைகொடுக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறும் சாளை வடசேரி சந்தையில் மலிவாகவே கிடைக்கும். செதிலும் குடலும் நீக்கி, தலையை வைத்தபடியே, உப்பு, மிளகாய், உள்ளி எதுவும் சேர்க்காமல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குக்கரில் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைக்கிறேன். ஆவி அடங்கித் திறந்ததும் ஒரு மீனை எடுத்து நடுமுள்ளை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்ப்பேன். மாவாக உதிர வேண்டும். நறுக்கென்று நின்றால் மறுபடி அடுப்பில்தான். உதிர்ந்த பிறகு சோற்றோடும் வெந்த பூசணியோடும் பிசைந்து வைத்தால், தட்டை நக்கித் துடைத்துவிடுகிறது.

கோழிக்கறி வைக்கிற நாளில் கறியையும் வேகவைத்து, எலும்பை எடுத்துவிடுகிறேன். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து தொண்டையில் குத்தும். பதிலுக்கு, வேகவைத்துக் காயவைத்து மிக்சியில் அரைத்த முட்டைத்தோட்டுப் பொடி. ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. உங்கள் குட்டியின் எடைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே போடுங்கள்.

எங்கள் குட்டிக்கு வலது கால் நேராகிவிட்டது. இடது கால் கொஞ்சம் வளைவாகவே நின்றுவிட்டது. இப்போது குக்கர் சத்தம் கேட்டால் அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.