வரைபில் கொம்பு இடம் மாறினால்



இன்றைக்கு நான் கதைக்க வந்திருக்கும் விடயம் கணனி பற்றியது. கணனி என்றதும் இது பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி என்று நினைத்து வானொலியை நிறுத்திவிடாதீர்கள். இது எங்களுடைய ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அரவு பற்றிய கதையுமாகும். அரிவரியில் மண்ணில் விரலால் எழுதிப் பழகியவர்களுக்கு, கணனி தெரிந்த பிள்ளைகளைவிட இது கெதியில் விளங்கும்.

பைத்தன் என்பது கணனிக்கு வேலை சொல்லப் பயன்படும் ஒரு மொழி. அந்த மொழியில் வரைபு கீறுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் பெயர் மற்பிளொட்லிப். எண்களைக் கொடுத்தால் கோடாகவோ தூணாகவோ வட்டமாகவோ கீறித் தரும். 2008ஆம் ஆண்டு ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது வந்த தரவுகளைப் பார்ப்பதற்கு நாசா விஞ்ஞானிகள் பயன்படுத்தியவற்றில் இதுவும் ஒன்று. 2019இல் கருந்துளையின் முதலாவது படம் வெளிவந்ததே, அந்த ஆய்விலும் இதற்குப் பங்கு இருந்தது. அத்தனையும் இலவசம். இலவசம் என்பதைவிட முக்கியம், இது திறந்த மூல மென்பொருள். உள்ளே எழுதப்பட்டிருக்கும் ஆணைத்தொடரை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இதைத் தொடங்கியவர் ஜோன் ஹன்ரர். 1968இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிக்காகோவில் மூளை நரம்பியல் ஆய்வில் இருந்தவர். வலிப்பு நோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்வதற்கு முன்னர் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். அந்த அலைகளைப் பார்ப்பதற்கு அவர்களிடம் விலைக்கு வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஆனால் உரிமம் ஒன்றே ஒன்று. கணனியின் பின்னால் செருகுகிற சின்னச் சாவி ஒன்று இருந்தால்தான் அது திறக்கும். மாணவர்கள், வைத்தியர்கள், ஆய்வாளர்கள் எல்லாரும் அந்த ஒரு சாவியை முறை வைத்துக் கைமாற்றிக்கொண்டு திரிந்தார்கள். (ஒரு பேஸ்மென்றில் ஏழெட்டுப் பேர் இருந்துகொண்டு ஒரு குளிர்காலச் சப்பாத்தை முறை வைத்துப் போட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.) ஹன்ரர் முதலில் மற்லாப் என்ற இன்னொரு மென்பொருளில் மாற்று வழி செய்து பார்த்தார். நோயாளியின் ஸ்கான் படங்கள் ஒரு இடத்தில், மின் அலைப் பதிவுகள் வேறொரு இடத்தில் என்று சிதறிக் கிடந்த நிலையில் அது தாக்குப்பிடிக்கவில்லை. பிறகுதான் பைத்தனுக்கு மாறினார். அதில் நல்ல வரைபு கீறும் கருவி கிடைக்காததால் தானே எழுதினார். 2003இல் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்.

2012 ஜூலையில் ரெக்சாஸ் மாநிலத்தில் நடந்த விஞ்ஞான பைத்தன் மாநாட்டில் அவர் உரையாற்றினார். வீடு திரும்பிய கையோடு புற்றுநோய் என்று தெரியவந்தது. ஓகஸ்ட் 28இல் இறந்துபோனார். வயது 44. ஆள் போனாலும் வேலை நிற்கவில்லை. மைக்கேல் ட்ரோட்பூம் என்பவர் பொறுப்பை ஏற்றார், அவருக்குப் பின் மற்றவர்கள் வந்தார்கள். ஹன்ரரும் ட்ரோட்பூமும் சேர்ந்து இந்த மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டது என்று எழுதிய அத்தியாயம் ஒன்று 2012இல் வந்த ஒரு நூலில் இருக்கிறது. அந்த நூலின் தொகுப்பாசிரியர்களில் ஒருவரான கிரெக் வில்சன் எங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். நான் மேலே சொன்ன சாவிக் கதையும் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன்னர், ஸ்காபரோவில் நான் உதவிக்குப் போகும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டுவரவேண்டும். ஊரில் என்ன வேலை செய்தீர்கள்? கனடாவுக்கு வந்து முதன்முதலில் செய்த வேலை என்ன? பிள்ளைகள் கொண்டுவந்த பதில்களை நீங்களே ஊகிப்பீர்கள். ஒரு பக்கம் தோட்டம், தபாற்கந்தோர், வாத்தியார் வேலை, கடற்தொழில், சங்கக்கடை மனேச்சர். மறு பக்கம் கோப்பை கழுவல், பக்டரி, துப்புரவு, விடியப்புறம் பேப்பர் போடுதல். சில பிள்ளைகள் தங்கள் அப்பப்பா ஊரில் தலைமை ஆசிரியராக இருந்தார் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தார்கள். இதை வரைபாகக் கீறி, ஆண்டு விழாவில் பெரியவர்கள் பார்க்கும்படி மண்டபச் சுவரில் ஒட்டுவது என்று முடிவானது. பள்ளிக்கூடத்தில் பைத்தன் படித்த பையன் ஒருவன் மற்பிளொட்லிப்பில் கீறினான்.

முதல் வரைபில் தமிழ் எழுத்து ஒன்றுமே இல்லை. வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. காரணம் இலேசானது. மற்பிளொட்லிப் தன்னோடு கொண்டுவரும் டெஜாவு சான்ஸ் என்ற எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ என்ற தமிழ் எழுத்துருவைக் காட்டிக் கொடுத்ததும் பெட்டிகள் மறைந்தன. (2022இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து, ஒரு எழுத்துருவில் இல்லாத எழுத்தை அடுத்த எழுத்துருவில் தேடும் வசதியும் வந்துவிட்டது.)

ஆனால் தமிழ் வந்த விதத்தைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். ‘பெயர்’ என்ற சொல் ‘பயெர்’ என்று நின்றது. ‘வேலை’ என்ற சொல்லில் வகரம் மொட்டையாக நிற்க, அதன் இரட்டைக்கொம்பு லகரத்துக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. லகரத்தின் ஐகாரக் கொம்பு கடைசியில் அநாதையாகக் கிடந்தது. ‘கொழும்பு’ இன்னும் மோசம். ககரம் தனியே நிற்க, கொம்பும் அரவும் அதற்குப் பின்னால் சோடியாக வந்தன. ‘ழு’, ‘பு’ எல்லாம் தங்கள் உருவத்தை இழந்திருந்தன.

“அங்கிள், இங்கிலிஷிலை போட்டா வடிவா வரும்” என்றான் பையன். பக்கத்திலிருந்த பிள்ளை ஒன்று, “அப்ப அம்மம்மா எப்பிடி வாசிக்கிறது?” என்று கேட்டது. பதில் சொன்னவர்களுக்கே வாசிக்க முடியாத வரைபை யாருக்காகச் சுவரில் ஒட்டுவது? ஆகவே பிழை எங்கே என்று தேடத் தொடங்கினோம்.

கணனிக்காரர்கள் இந்தப் பிழையை வழு என்பார்கள். வழுவைப் பிடிப்பது மோட்டார்க் கார் திருத்துகிற மெக்கானிக்கின் வேலை மாதிரித்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, குற்றமில்லாதவற்றை ஒதுக்கவேண்டும். அதே ‘வேலை’யை இணைய உலாவியில் தட்டினோம், சரியாக வந்தது. ஆகவே நாங்கள் தட்டியதில் பிழையில்லை. வேறு மூன்று எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தோம், நான்கிலும் ஒரே கோணல். ஆகவே எழுத்துருவிலும் பிழையில்லை. கடைசியில் ஒரு நல்ல துப்புக் கிடைத்தது. வரைபை எஸ்விஜி என்ற வடிவத்தில் சேமிக்கும்போது, எழுத்தைக் கீறாமல் எழுத்தாகவே விட்டுவிடு என்று மற்பிளொட்லிப்புக்குச் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறது. அப்படிச் சேமித்து உலாவியில் திறந்தால் ‘வேலை’ அச்சொட்டாக ‘வேலை’யாகவே வந்தது! மற்பிளொட்லிப் தானே எழுத்தைக் கீறினால் பிழை, உலாவி கீறினால் சரி. திருடன் எந்த அறையில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள பாமினியை ஞாபகப்படுத்துங்கள். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் எங்களில் பலர் பாமினி எழுத்துருவில்தான் கல்யாணக் கார்ட் தொடக்கம் மரண அறிவித்தல் வரை தட்டினோம். பாமினியில் ‘பெ’ என்று தட்ட முதலில் கொம்பைத் தட்டவேண்டும், பிறகு பகரம். கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் கணனிக்குள்ளும் இருந்தது. யூனிக்கோட் வேறு மாதிரி. வாயால் சொல்லும் வரிசைப்படி முதலில் பகரம், அதன் பிறகு எகரக் கொம்பு என்று சேமிக்கும். தேடுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் அதுதான் உகந்தது. ஆனால் திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பதற்கு யாரோ ஒருவர் வேண்டும். மற்பிளொட்லிப்பின் எழுத்துக் கீறும் பகுதியில் அந்த யாரோ ஒருவர் அப்போது இருக்கவில்லை. ஆங்கிலத்தைப்போல, சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு போனது. பழைய பாமினியைக் கொடுத்திருந்தால் ஒழுங்காகக் கீறியிருக்கும். முறைப்படி எழுதிய தமிழைத்தான் குழப்பியது!

சரி, உலாவிக்குள் இருக்கும் அந்த யாரோ ஒருவர் யார்? அங்கேதான் கதை மறுபடி ரொறன்ரோவுக்கு வருகிறது. குரோம், ஃபயர்பொக்ஸ், அன்ட்ரொயிட் தொலைபேசி, லிப்ரே ஒஃபிஸ் எல்லாவற்றிலும் எழுத்துகளை ஒழுங்குபடுத்தி வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல மென்பொருள். அதைப் புதிதாக எழுதி வளர்த்தவர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத். ஈரானில் பிறந்து, ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு வந்து, இந்த நகரத்திலேயே ரெட் ஹற் நிறுவனத்தில் வேலை செய்தவர். பாரசீக மொழியில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து, ‘பாஸ்’ என்றால் திறந்தது. பாரசீகம் வலமிருந்து இடமாக ஓடும், எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கென்று செய்த கருவி தன் மொழியைச் சிதைப்பதை அவரும் பார்த்திருப்பார். ஆனால் செய்தபோது பாரசீகத்துக்கு மட்டும் செய்யவில்லை. தமிழ், சிங்களம், தேவநாகரி, தாய், கெமர் என்று எல்லாவற்றுக்கும் இடம் வைத்துச் செய்தார்கள். உங்கள் கைத்தொலைபேசியில் வருகிற தமிழ்ச் செய்தியில் கொம்பு சரியான இடத்தில் நிற்கிறதென்றால், பெரும்பாலும் அது இந்த வேலையின் பலன்தான்.

ஹார்ஃப்பஸ்ஸை மற்ற மென்பொருள்களில் இலேசாகச் செருகுவதற்கு ரக்ம் என்ற ஒரு இடைக்கருவியும் வந்தது. அது ஓமான் நாட்டுத் திறந்த மூலத் திட்டமொன்றிலிருந்து வந்தது. பெயர் அரபு, எழுதுதல் என்று பொருள். படங்களைக் கையாளும் பில்லோ என்ற பைத்தன் மென்பொருள் 2017இலேயே அதைச் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் மற்பிளொட்லிப்பில் ஏன் இத்தனை காலம் இழுபட்டது என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் இது அலட்சியம் என்றுதான் நினைத்தேன். தமிழருக்கு முன்பே அரபு, இந்தி எழுதுபவர்களெல்லாம் இதே குறையைச் சொல்லியிருந்தார்கள். உள்ளே பார்த்தால் வேறொரு காரணம் தெரிந்தது. அந்த மென்பொருளில் யாராவது ஒரு வரியை மாற்றினால், ஏராளமான மாதிரி வரைபுகளைக் கணனி தானாகக் கீறி, முன்னர் சரியென்று ஒப்புக்கொண்டு சேமித்த படங்களோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் மாற்றத்தை ஏற்காது. நல்ல காவல்தான். ஆனால் எழுத்துக் கீறும் முறையைச் சற்று அசைத்தாலும், எழுத்துள்ள படமெல்லாம் ஒரு நூல் விலகும், காவலாளி எல்லாவற்றுக்கும் கூச்சல் போடுவார். இதற்குப் பயந்தே, எழுத்துகளின் வடிவத்தைத் தருகிற ஃப்றீரைப் என்ற துணை மென்பொருளின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பை அவர்கள் பல வருடங்களாக மாற்றாமல் வைத்திருந்தார்கள். ஆகவே கொம்பை இடம் மாற்றுவதென்றால் அத்தனை படங்களையும் ஒருவர் இருந்து மறுபடி பார்க்கவேண்டும். தொண்டாகச் செய்பவர்கள் அதற்குத் தயங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். பின்னர் அவர்கள் அந்தப் பெரிய வேலையிலும் கைவைத்து, ரக்ம் கருவியைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கிடையில் அந்தோனி லீ என்பவர் தனியாகச் செய்த எம்பிஎல்கைரோ என்ற இணைப்பும் தமிழ் போன்ற எழுத்துகளுக்கு உதவியது.

எங்கள் வகுப்பு வரைபை எஸ்விஜி வழியாகவே எடுத்து, உலாவியில் திறந்து அச்சடித்தோம். விழாவன்று அதற்கு முன்னால் நின்ற வயதானவர்கள், எந்தத் தூணில் தாங்கள் இருக்கிறார்கள் என்று விரல் வைத்துத் தேடினார்கள்.

இந்த வானொலியைக் கேட்கும் பிள்ளைகளில் பலர் பைத்தன் படிக்கிறீர்கள். எங்காவது தமிழ் கோணலாக வந்தால், உடனே ஆங்கிலத்துக்குத் தாவாமல் அதை எழுதி அனுப்புங்கள். தமிழ் சரியாக வரவில்லை என்று மொட்டையாக எழுதினால், தமிழ் தெரியாத ஒருவருக்கு எது சரி எது பிழை என்று எப்படித் தெரியும்? ஒரேயொரு சொல் எடுங்கள், ‘பெயர்’ போதும். அதைக் கீறுகிற நாலைந்து வரி ஆணைத்தொடர், வந்த படம், உலாவியில் சரியாக வந்த படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று சொல்லுங்கள். கொம்பு ஏன் முன்னால் வரவேண்டும் என்று இரண்டு வரியில் விளக்குங்கள். அந்த இரண்டு வரி எப்படி எழுதுவதென்று தெரியாவிட்டால் வீட்டில் அம்மம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.