யாருடைய புராஜெக்ட்?

(கொடைக்கானல் மலைப்பகுதி மாணவர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடங்களில் 'புராஜெக்ட்' வந்திருக்கிறது, பிள்ளைகள் ஊருக்குள்ளே போய்க் கற்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சார்ட் பேப்பர்தான். 2012–13இல் முப்பருவ முறை வந்தபோது எழுத்துத் தேர்வுக்கு 60, செயல்பாடுகளுக்கும் சின்னத் தேர்வுகளுக்கும் 40 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனா எங்க காலனியில என்ன நடந்துச்சு? எஸ்டேட் வேலை முடிஞ்சு வந்த அம்மா, பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு ராத்திரியில பிரவுசிங் சென்டர் வாசல்ல நிற்பாங்க. 'மழைநீர் சேகரிப்பு'ன்னு சொன்னா கடைக்காரப் பையனே நாலு கலர் படம் எடுத்துக் கொடுப்பான். ஒட்டினால் மார்க். உன் வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு அந்தப் பிள்ளையை யாரும் கேட்கல.

இன்னொரு வகையும் உண்டு. சமவெளியிலிருந்து வேன் வரும். எந்தப் பள்ளி என்பது முக்கியமல்ல. சீருடை போட்ட பிள்ளைகள் காலனிக்குள் இறங்கி, கக்கூஸ் இருக்கா, எத்தனை பேர் படிச்சிருக்கீங்க என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. எங்க அத்தை ஒருத்தி டீ போட்டுக் கொடுத்தாள். ஒருத்தரும் குடிக்கவில்லை. எழுதிக்கொண்டு போன தாளும் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. நாம் அங்கே தகவல் மட்டும்தான்.

அப்படியானால் புராஜெக்டே வேண்டாமா? அவசரப்படக் கூடாது. இந்தச் சிந்தனைக்கும் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. பிள்ளைகள் ஒரு வேலையைத் தாங்களே திட்டமிட்டுச் செய்து கற்க வேண்டும் என்று கில்பாட்ரிக் என்பவர் கட்டுரை எழுதியது 1918இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியிலிருந்து. அவருக்கு வழிகாட்டியவர் ஜான் டூயி. அதே டூயியின் வகுப்பில்தான் 1913க்கும் 1916க்கும் இடையில் அண்ணல் அம்பேத்கர் உட்கார்ந்திருந்தார். 'சாதி ஒழிப்பு' உரையில் டூயியைத் தன் ஆசிரியர் என்று சொல்லி மேற்கோள் காட்டுகிறார். 1952 ஜூனில் டாக்டர் பட்டம் வாங்க அவர் கொலம்பியா போய்ச் சேர்ந்தபோது, டூயி இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சேர்ந்து வாழ்வதும் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதும்தான் ஜனநாயகம் என்பது டூயியின் கருத்து. அந்த அளவுகோலை ஊரின் மீதும் சேரியின் மீதும் வைத்துப் பார்த்தவர் அம்பேத்கர். நம்முடைய கல்லூரிகளில் பி.எட். படிக்கிறவர்களுக்கு டூயியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த உறவைச் சொல்வதில்லை.

இதே 'செய்து கற்றல்' இங்கே வேறு முகத்தோடும் வந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் போராடினார். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் போய்ப் பழகலாம் என்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பொது என்பதால் இதுவும் அதுவும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்களுக்குத் துடைப்பம் பத்து நாள் பாடமில்ல. நான் அஞ்சாவது படிச்சப்போ வகுப்பைக் கூட்டவும் கக்கூசுக்குத் தண்ணி ஊத்தவும் என்னையும் இன்னும் ரெண்டு பேரையும்தான் கூப்பிடுவாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, தெருவைச் சொல்லி. அதுவும் செய்து கற்றல்தான்னு அப்ப எனக்குத் தெரியல.

இந்த மலையிலேயே ஒரு பெரிய பாடம் கிடக்கிறது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையை எண்பதுகளில் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளர்களின் நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் சமரசத்துக்கு வந்தது. மண்ணைச் சுத்தம் செய்ய, கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று அளவு வைத்தபோது, உங்க நாட்டுல இதை ஒத்துக்குவீங்களா என்று இங்குள்ளவர்கள் கேட்டார்கள்.

அறிவியல் புத்தகத்தில் பாதரசம் 'சாதாரண வெப்பத்தில் திரவமாக உள்ள உலோகம்', ஒரு மார்க். அது அந்த வெப்பத்திலேயே ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும், தண்ணீரில் மீனுக்குள் சேரும், ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது, அந்தத் தண்ணி வைகைக்குப் போகிறது. வேதியியலும் புவியியலும் கணக்கும் சட்டமும் எல்லாம் இதிலேயே இருக்கிறது. இதை ஒரு பள்ளி புராஜெக்டா எடுத்தா, பிள்ளைகள் முதலில் போய் நிற்க வேண்டியது உடைந்த கண்ணாடியை அள்ளிய கைகளுக்கு முன்னால்தான்.

கடைசியாக எங்கள் சொந்தக் கதை. கீழ்மலையில் ஓர் ஊராட்சியில் மாலை வகுப்பு நடத்தினோம். பிள்ளைங்களையே கேட்டோம், எதைத் தெரிஞ்சுக்கணும்? 'ஏன் மேலத்தெருவுக்கு வந்த பிறகுதான் நமக்குத் தண்ணி வருது?' ஒரு பொண்ணு கேட்டா. அதையே எடுத்துக்கொண்டோம். ஒரு கைக்கடிகாரம், ஒரு குடம், ஒரு நோட்டு. ஒவ்வொரு குழாயிலும் எத்தனை நிமிஷம் வருது, குடம் நிறைய எவ்வளவு நேரம். மேலத்தெருவிலிருந்து ரெண்டு பையன்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவனை நாலாம் நாள் அவங்கப்பா வந்து இழுத்துக்கொண்டு போனார். மற்றவன் கடைசிவரை இருந்தான். மேலத்தெருக் குழாய்களின் கணக்கு முழுவதும் அவன் எழுதியது. நாங்கள் போய் நின்றிருக்க முடியாது.

தொட்டியிலிருந்து குழாயைப் பின்தொடர்ந்து போனால் ஒரு வால்வு. அதைத் திருகுகிறவர் யார்? எங்க தெருக்காரர். கேள்வி கேட்ட அதே பொண்ணோட தாத்தா. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் சண்டை. தாத்தா வேலை போயிடும் என்றான் ஒருவன். எனக்கும் பதில் தெரியவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் அவரிடமே கேட்டோம். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "எம்பேர எழுதாதீங்கடா. யாரு சொல்லித் திருகுறேன்னு எழுதுங்க."

எழுதினார்கள். ஜனவரி 26 கிராம சபையில் அந்தப் பொண்ணுதான் வாசித்தாள். பிள்ளைங்க போட்ட கணக்கை எப்படி எடுத்துக்கிறது என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்டார். பின்வரிசையிலிருந்து அவளோட அம்மா எழுந்து, "அப்ப நாளைக்கு வந்து நீங்க குடத்தைப் பிடிங்க சார், நாங்க மணி பார்க்கிறோம்" என்றாள். தீர்மானத்தில் ஏற்றினார்கள். தண்ணீர் நேரம் மாறியது, சில மாதத்துக்கு. பிறகு பழையபடி. பிள்ளைகள் மறுபடியும் நோட்டை எடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை தாத்தாவும் கூட வருகிறார். அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க நினைக்கிறவர்கள் டீ இடைவேளையில் வாங்கிப் பாருங்கள்.