பவளம் எங்கே போயிற்று?

தமிழ்ச் சங்கமும் வள்ளுவர் சிலையும் உள்ள இந்த அல்சூரில், தமிழாசிரியர்களும் நிரல் எழுதுகிறவர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. இரு சாராரும் சேர்ந்தாலன்றித் தீராத ஒரு சிக்கலை முன்வைக்கிறேன்.

இணையம் இல்லாமல் இயங்கும் அகராதிச் செயலிக்கு, அதனுள்ளேயே அடங்கிய ஒரு சிறு தரவுத்தளம் போதும். ஓப்பன்எல்டாப் திட்டத்துக்காக ஹோவர்டு சூ எழுதி 2011-இல் வெளிவந்த எல்.எம்.டி.பி. அவ்வகை. அதில் சொல்தான் கீ. பொருள் அதன் மதிப்பு. கீகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் நடப்பது கர்சர். ‘பயிர்’ என்று கேட்டால் அங்கே போய் நிற்கும்; அந்தச் சொல் இல்லையென்றால் அதை அடுத்த சொல்லில் நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தலாம்.

ஆனால் அது நடப்பது பைட் வரிசையில். நான் எழுதிய நிரலில் பயிர் முதல் பழம் வரை கேட்டேன். பறவையும் பள்ளமும் வந்தன, பவளம் வரவில்லை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த இஸ்கி குறியீட்டை ஒட்டி யூனிகோடு அமைந்ததால், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். ஆகவே அகம் முதலில், அக்கம் பிறகு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இது நேர்மாறு.

ஒப்பிடும் முறையையே மாற்றிக்கொள்ள எல்.எம்.டி.பி. இடம் தருகிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கோப்பைத் திறக்கும் எல்லா நிரல்களும் அதே முறையைச் சொல்லியாக வேண்டும். ஒன்று தவறினாலும் தரவு கெடும். கீயையே மாற்றுவது நல்லது. நம் எழுத்துகள் 247; ஒரு பைட்டில் 256 மதிப்புகள். அகரவரிசைப்படி எழுத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்களின் தொடரைக் கீயாகவும், சொல்லை மதிப்போடும் வைத்தால், கர்சர் லெக்சிகன் வரிசையிலேயே நடக்கும். கீயின் வழக்கமான உச்சவரம்பு 511 பைட். யூனிகோடில் (யு.டி.எஃப்-8) ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போய்விடும், இந்த முறையில் எழுத்துக்கு ஒன்றே.

நிற்கும் சொல்லை நீக்கினால் கர்சர் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். எல்.எம்.டி.பி.யில் அது செல்லாமல் போவதில்லை. அடுத்த சொல்லில் நிற்கும். அப்போது ‘அடுத்தது’ என்று கேட்டாலும் அதே சொல்லைத்தான் தரும், தாண்டிவிடாது. எல்லாத் தரவுத்தளங்களையும் அப்படி நம்ப வேண்டாம். இன்னொன்று: படிப்பதற்காகத் திறந்த டிரான்சாக்‌ஷனை முடிக்காமல் விட்டால், பழைய பக்கங்களைத் திரும்பப் பயன்படுத்த முடியாமல் கோப்பு வீங்கிக்கொண்டே போகும்.

கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் ஒரு பைட் போதாது, இரண்டு வேண்டும். அது எளிது. ஜகரமும் ஸகரமும் க்ஷகரமும் வரிசையில் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதை நிரலாளர்கள் தாமாக முடிவு செய்யக் கூடாது. தமிழாசிரியர்கள் இன்று மாலைக்குள் அதைச் சொல்லுங்கள். முதல் கட்டுரையை வாசிக்க அழைக்கிறேன்.