குடிபெயர்ந்த தெரு

(யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

 

யூபிலிக் கூட்டம் என்றால் பங்கின் பழைய வரலாற்றைப் பேசுவது வழக்கம். அவ்வேலையை நமக்கு முன் பேசிய உபதேசியார் செவ்வனே செய்து முடித்துவிட்டார். முதல் ஓலைக் கோவிலிலிருந்து இன்றைய மின்விளக்கு அலங்காரம் வரை ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆகவே நமக்கு மிஞ்சியது இனி வரப்போவது ஒன்றுதான். அதிலும் எல்லாவற்றையும் பேசப்போவதில்லை. கோவில் வளாகத்தின் சாலையோரம் இருக்கும் ஏழு ஓட்டு வீடுகளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. நல்லது.

1990களின் தொடக்கத்தில், குருமாணவராக இருந்த காலத்தில், கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் இந்தக் கெங்கவல்லியில் தங்கிப் பங்குத் தந்தைக்கு உதவி செய்திருக்கிறோம். அன்று ஆத்தூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது மரவள்ளிக் கிழங்கின் புளித்த வாடை. தெருவில் நடந்தால் இருபுறமும் திண்ணைகள். திண்ணையில் ஒருவர் இருந்தால், "யாரு வூட்டுக்குங்க?" என்று கேட்காமல் விடமாட்டார். இன்று அத்திண்ணைகளில் பெரும்பாலானவை இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது சில போயின. வீட்டுக்காரர்களே கடை வைப்பதற்காக இடித்தவை பல. கிழங்கு விளைந்த காடுகளில் மனைக்கற்கள் நிற்கின்றன. சுவேத நதியில் தண்ணீர் வருவதே செய்தியாகிவிட்டது. பேரூராட்சியாகவும் வட்டத்தின் தலைமையிடமாகவும் இருக்கும் ஊர் வளரத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வளர்ந்ததால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மருந்துக்கடையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன என்பதை மறுப்பாரில்லை.

நிற்க. அந்த வளர்ச்சியில் நம் கோவிலும் பங்கு பெறட்டுமே என்று நமக்கு ஓர் எண்ணம் உதித்தது. சாலையோர ஏழு வீடுகளையும் எடுத்துவிட்டு அங்கே வரிசையாகக் கடைகள் கட்டுவது. வாடகைப் பணத்தில் கோவில் கூரையையும் பிள்ளைகளின் படிப்பையும் கவனிப்பது. அவ்வீட்டாருக்கு ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டரில் ஆளுக்கு இரண்டு சென்ட் மனையும் சிறு காங்கிரீட் வீடும் கொடுப்பது. ஓட்டு வீட்டுக்குப் பதில் காங்கிரீட் வீடு, வாடகைக்குப் பதில் சொந்த மனை. தாராளமான ஏற்பாடு என்றே எண்ணினோம். பங்குப் பேரவையின் மேல் யாரும் பழி போட வேண்டாம். அந்த யோசனை முழுக்க நம்முடையதே. பேரவையில் எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர்தான். அவரையும் நாமே அடக்கிவிட்டோம். அதற்காக இம்மேடையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

பிறகு சென்ற ஆண்டு சென்னைக்குப் போகும்படி நேர்ந்தது. நம் பங்கிலிருந்து பிழைப்புக்காகப் போன குடும்பம் ஒன்று, மகளின் மஞ்சள் நீராட்டுக்கு வந்து ஆசீர்வதிக்க வேண்டுமென்று அழைத்திருந்தது. முகவரி பெரும்பாக்கம். முன்பு அவர்கள் இருந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் கரையில். அந்தப் பேட்டையின் கதை சேலத்து மக்களுக்குச் சுவையானது. 1734ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் தறிக்காரர்களைக் குடியேற்றுவதற்கென்றே அமைத்த ஊர் அது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். தொழில் இருக்குமிடத்தில் வீடு வேண்டும் என்பது வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்தது!

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதற்குப் பின் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்து எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். நம் கெங்கவல்லியைப் போல ஊர்கள் பலவற்றை அடுக்கி வைத்தாற்போல. அதற்கு முன்பே 2000 முதல் கண்ணகி நகரும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியும் இதே திசையில் எழுந்தன.

வீட்டைப் பார்த்தோம். நல்ல வீடு. கழிவறை உண்டு, குழாய் உண்டு, வெள்ளம் உள்ளே வராத உயரம். "உங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதே அம்மா" என்று அந்த வீட்டுத் தாயிடம் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. காப்பி கொடுத்தபின் மெதுவாகச் சொன்னார்: "வூடு குடுத்தாங்க சாமி, ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ஆனா தெருவைக் குடுக்கலையே."

அவர் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் கழுவி வெட்டிக் கொடுக்கிறவர். முன்பு ஐந்து நிமிட நடை. இப்போது சுமார் 25 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பி இரண்டு பேருந்து மாற வேண்டும். தாமதமானால் அந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாள். மகள் பள்ளி மாறியது வருஷத்தின் நடுவில். கணவருக்குக் காய்ச்சல் என்றால் முன்பு பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். அவளுக்கு வேறு கட்டடத்தில், வேறு மாடியில் வீடு ஒதுக்கிவிட்டார்கள். கைமாற்றுக் கொடுத்த கடைக்காரர் இல்லை. மாமியார் இறந்தபோது உடலைக் கிடத்தி நாலு பேர் வந்து உட்கார வாசல் இல்லை. "கூவத்து நாத்தத்துல இருந்தோம், வெள்ளத்துல பாத்திரமெல்லாம் போச்சு, அங்கேயே இருக்கணும்னு நான் சொல்லலை சாமி. கூட்டமா இருந்தவங்களைக் கூட்டமாக் கொண்டுபோய் வச்சிருக்கலாம்" என்றார்.

பாருங்கள், அவர் குடிசையைப் புகழவில்லை. நம்மில் படித்தவர்கள் சிலர் ஏழையின் குடிசையைக் கவிதையாகப் பேசுவார்கள். அதில் குடியிருந்தவர் அப்படிப் பேசமாட்டார்.

ஊர் திரும்பும்போது பேருந்தில் நமக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று கிலோமீட்டர்தானே என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டோம். இருபத்தைந்து எங்கே, மூன்று எங்கே? ஆனால் அந்த ஏழு வீட்டை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். பேருந்து நிலையத்தில் விடியற்காலை இட்லி விற்கும் பாட்டி ஒரு வீடு. துணி தேய்ப்பவர் ஒரு வீடு. அவருக்குச் சாலையோரம்தான் கடை. கோவில் மணி அடிப்பவர் ஒரு வீடு. கால் ஊனமானவரின் வீடு ஒன்று. அவர் தினமும் திருப்பலிக்கு ஊன்றுகோலோடு வருகிறார் என்றால் கோவில் ஐம்பது அடியில் இருப்பதால்தான். இவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம்?

அரசாங்கத்தை மட்டும் சாடிப் பேசுவது எளிது, நியாயமாகாது. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கி, அடுத்த ஆண்டே சட்டமும் வந்தபோது, இந்தியாவில் அது பெரிய முயற்சி. அன்றைய நோக்கம், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது. சாந்தோம் பக்கத்தில் நொச்சிக்குப்பம் அப்படி எழுந்தது. கடலோடிக்குக் கடல் கண்ணுக்குத் தெரியும்படி வீடு. அக்கட்டடங்கள் உப்புக்காற்றில் பழுதாகிப்போனபோது அவ்விடத்திலேயே மீண்டும் புதிய அடுக்குகள் கட்டப்பட்டன. ஆகவே முடியாத காரியம் ஒன்றை நாம் கேட்கவில்லை. செய்து காட்டிய காரியம்தான். பின்னாளில் நகரத்து நிலத்தின் விலை ஏறியது. ஏழைக்கு இடம் வெளியே என்றாயிற்று. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை நீதிமன்ற ஆணைப்படி இடித்தபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். அதன்பின்தான், அம்மக்களுக்கு அருகிலேயே, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியில் வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பிறகு.

பம்பாய்த் தாராவியில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள். அங்கேயும் இப்போது புதுப்பிக்கும் திட்டம் நடக்கிறது. 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் வந்து தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னால் வந்தவருக்கும் மேல்மாடிக்காரருக்கும் வெளியே. காகிதம் வைத்திருப்பவன் உள்ளே, இல்லாதவன் வெளியே. இதைப் படித்தபோது நம் பங்கு அலுவலகத்துப் பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தோம். ஏழு வீட்டாரில் நால்வருக்கு வாடகைச் சீட்டு இருக்கிறது. மூவருக்கு ஒன்றுமில்லை. முன்னிருந்த சாமியார் ஒருவர் வாய்வார்த்தையாக, "இரு அப்பா" என்று சொன்னதோடு சரி. அவர்களின் தகப்பன்மார் இக்கோவிலுக்குக் கல் சுமந்தவர்கள் என்பதற்கும் சீட்டு கிடையாது.

கண்ணகி நகரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வூர் முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று இளைஞர்கள் குறைப்பட்டதுண்டு. அந்தக் கண்ணகி நகரிலிருந்துதான் கார்த்திகா என்ற பெண்பிள்ளை வந்தாள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினாள். கொண்டுபோய்க் கொட்டப்பட்ட இடத்திலும் மக்கள் இருபத்தைந்து ஆண்டில் ஓர் ஊரை உண்டாக்கிவிடுகிறார்கள். அது அவர்களுடைய திறமை. கொண்டுபோய்க் கொட்டியவருடைய புண்ணியமல்ல.

இந்த இடத்தில் நாபோத்தின் நினைவு வருகிறது. அரசர் முதல் நூலில் ஆகாபு மன்னன் தொடக்கத்தில் கொடுமையாக ஒன்றும் கேட்கவில்லை. திராட்சைத் தோட்டத்துக்குப் பதில் அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். அந்தப் பகுதியை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். எப்போதும் ஈசபேலின் சூழ்ச்சியைப் பற்றித்தான் பேசினோம். மன்னனின் தாராளத்தைப் பற்றி யோசித்ததேயில்லை. இரண்டு சென்ட் மனையும் காங்கிரீட் வீடும் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அந்த வசனம் நமக்குப் புரிந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் இக்காரியத்தையே தொட்டிருக்கிறார். சுகாதாரமற்ற இடத்திலிருந்து ஏழைகளை மாற்றியே தீர வேண்டுமென்றால், முன்கூட்டியே முழு விவரமும் சொல்ல வேண்டும், மாற்று வழிகளைக் காட்ட வேண்டும், அவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. நாம் செய்தது என்ன? பேரவையில் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, மணி அடிப்பவரை அழைத்து, "மற்றவர்களிடம் சொல்லிவிடு" என்றோம். அவர் "சரிங்க சாமி" என்றார். அவ்வளவுதான் நாம் நடத்திய ஆலோசனை. மறுநாள் அவர் மணி அடிக்கத் தவறவில்லை.

ஆகவே அந்தத் தீர்மானத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். கடை வேண்டாமென்று சொல்லவில்லை. கோவில் கூரை ஒழுகுவது உங்களுக்கே தெரியும். சென்ற ஐப்பசி மழையில் பீடத்தருகே வாளி வைத்துத் திருப்பலி நிறைவேற்றினோம். கீழே கடை, மேலே ஏழு வீடு என்று ஒரே கட்டடமாகக் கட்டினால் என்ன என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்டோம். கட்டலாம், ஆனால் செலவு ஏறும், கடைகளின் எண்ணிக்கை குறையும் என்றார். மாடிப்படி பாட்டிக்கும் ஊன்றுகோல்காரருக்கும் ஆகாது; அவர்களுக்குப் பின்புறம் தரையிலேயே இரண்டு வீடு விட வேண்டும். கட்டி முடியும்வரை ஓராண்டு எல்லோரும் எங்கே இருப்பது என்பதற்கும் இன்னும் விடையில்லை. பள்ளியின் பழைய கூடத்தைத் தடுத்துக் கொடுக்கலாமென்று சகோதரிகள் சொல்லியிருக்கிறார்கள். நிலம் மறைமாவட்டத்துக்குச் சொந்தமாகையால் ஆயரவர்களின் அனுமதியும் வேண்டும். வாடகை வருமானம் குறைவதால் கூரை வேலை ஓரிரு வருஷம் தள்ளிப்போகும். இதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறோம். இந்தச் சுமை உங்கள் தலையிலும் ஏறும்.

சேலத்தில் பழைய பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்கு நிலையமாகக் கட்டி, 2023 ஜூனில் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அங்கே பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம், குருமாணவராக இருந்தபோது நமக்குக் கடனுக்கு டீ கொடுத்த ஒருவரைக் கண்கள் தேடுகின்றன. அவரை இன்னும் காணவில்லை. விசாரித்தால் தெரிந்திருக்கும், விசாரிக்கவில்லை.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மனையில் கூட்டம் வைத்திருக்கிறோம். பேரவை உறுப்பினர்கள் வர வேண்டும். ஏழு வீட்டாரும் வர வேண்டும். சீட்டு இருப்பவர், இல்லாதவர் என்ற பேச்சு வேண்டாம். வீட்டுக்கு இருவராக வாருங்கள், பெண்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். பொறியாளரும் வரைபடத்தோடு வருகிறார். பாட்டி இட்லி வியாபாரம் முடித்து ஒன்பதரைக்குத்தான் வர முடியும் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே கூட்டம் பத்து மணிக்கு.