செந்தூரமும் கருங்காந்தமும்



அரியலூர் மாவட்டத்தில், செந்துறை, செயங்கொண்டம் பகுதிகளின் முந்திரிக் காடுகளில் கால் வைத்தோர் அம்மண்ணின் சிவப்பை அறிவர். அச்சிவப்பு, இரும்பும் உயிர்வளியும் கூடிய இரும்பு ஆக்சைடின் நிறம். அவ்விரண்டுமே வேறு விகிதத்தில் கூடினால் கரிய நிறமும் வலிய காந்தத் தன்மையும் உடைய மாக்னடைட் பிறக்கும். அதனை நுண்துகளாக்கி உயிரினங்களுக்குப் பயன்கொள்வது இன்றைய அறிவியலின் அரிய முயற்சிகளுள் ஒன்று.

ஒரு மீட்டரின் 100 கோடியில் ஒரு கூறு நானோமீட்டர். ஏறத்தாழ 20 நானோமீட்டருக்கும் சிறிய மாக்னடைட் துகள், காந்தம் அருகிலிருக்கும்வரை ஈர்க்கப்படும். அகற்றியதும் அத்தன்மையைத் துறந்துவிடும். அதனால், குருதியில் செலுத்தினாலும் காந்த ஈர்ப்பால் ஒன்றையொன்று பற்றிக் கட்டியாவதில்லை. இரும்பு ஆக்சைடுத் துகளாலான மருந்தொன்றைச் சிறுநீரக நோயாளரின் சோகைக்கு 2009-இல் அமெரிக்கா ஏற்றது. மூளைப்புற்றினுள் துகள்களைச் செலுத்தி, மாறுகாந்தப் புலத்தால் சூடேற்றும் மருத்துவம் 2010-இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது.

ஃபெரசு, ஃபெரிக்கு என்னும் இருவகை இரும்பு உப்புக்களை ஒன்றுக்கு இரண்டாக நீரில் கரைத்துக் காரம் சேர்த்தால் கரிய வீழ்படிவு கிடைக்கும். துகள்கள் ஒட்டாதிருக்க மேற்பூச்சு வேண்டும். அதற்குச் செயற்கை வேதிப்பொருளை நாடாது தாவரச் சாற்றை நாடுவதே பசுமை முறை. தேயிலைச் சாறு இதற்குப் பயன்பட்டுள்ளது. பெரம்பலூரை அடுத்த செட்டிகுளத்தில் விளையும் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தோலிலும், முந்திரி இலையிலும் இத்தகைய பாலிஃபீனால்கள் உண்டு. எனினும், பல முறைகளில் உப்பும் காரமும் இருந்தபடியே இருக்கின்றன. சாறு மட்டுமே பச்சை! பருவத்திற்கும் மண்ணுக்கும் ஏற்பச் சாறு மாறுவதால், துகளின் அளவும் மாறக்கூடும். மருந்துக்கு அது சிறு குறையன்று.

‘இதனைச் சித்தர்கள் அன்றே செய்துவிட்டனர்’ என மேடையில் முழங்குவோர் உளர். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் செந்தூரம் என்னும் சொல்லே அக்கூற்றை மறுக்கிறது. இரும்புப் பொடியை மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டால் கிடைக்கும் அயச்செந்தூரம் சிவப்பு; பெரும்பாலும் செம்மண்ணின் அதே ஆக்சைடு. காந்தக் கல்லில் தொடங்கும் காந்தச் செந்தூரமும் புடத்தில் சிவக்கச் சிவக்கக் காந்த ஆற்றலை இழக்கிறது. அங்கே சாற்றின் பெரும்பகுதி தீயில் எரிந்துபோகிறது. இங்கே அது துகளின் மேல் போர்வையாக நிலைக்கிறது. உண்ணும் மருந்தாகச் செந்தூரத்தைக் கண்ட சித்தர்க்கு உரிய பெருமை அவர்க்கு இருக்க, அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் ஏற்றுவானேன்?

மூத்த முன்னோடியே வேண்டுமெனில், சேற்றுக்குள் தேடலாம். 1975-இல் பிளேக்மோர் என்னும் அமெரிக்க அறிஞர் விவரித்த நுண்ணுயிர், உலையும் புடமும் இன்றித் தன் உடலுக்குள்ளேயே மாக்னடைட் படிகங்களை ஆக்கி, மணிமாலைபோல் கோத்து வைத்துக்கொள்கிறது. புவியின் காந்தப்புலம் காட்டும் திசையில் அம்மாலையின் துணையோடு நீந்திச் செல்கிறது.