கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்



வணிகர்கள் கூடிப் பேசும் இடங்களில் மூன்று கோரிக்கைகள் தவறாமல் எழும். வரி குறைய வேண்டும்; கடை வாடகை குறைய வேண்டும்; கூலிச் செலவு கட்டுக்குள் நிற்க வேண்டும். இவை நியாயமான கோரிக்கைகளே. ஆனால், நம்மிடம் வேலை செய்பவர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார்? அவருடைய சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு போகிறது? மிஞ்சிய பணத்துடன் அவர் யார் கடைப் படியேறுகிறார்? இந்தக் கேள்விகளை நாம் அரிதாகவே கேட்கிறோம். இவையும் வணிகக் கேள்விகள்தாம் என்பதை நம் சிங்கப்பூரின் அனுபவத்தைக் கொண்டே இன்று காண்போம்.

1927 முதல் 1959 வரை, 32 ஆண்டுகளில், அன்றைய சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. மக்கள் தொகையோ பன்மடங்கு பெருகியது. கடைவீடுகளின் சிறு அறைகளிலும் அத்தாப்புக் குடிசைகளிலும் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். வீட்டு வசதி எவ்வளவு அவசரமானது என்பதை அந்தத் தீ எல்லோருக்கும் உணர்த்தியது. முதல் ஐந்தாண்டுகளில் கழகம் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது.

இதனால் வணிகத்துக்கு என்ன பயன்? தோ பாயோவைப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளோடு சந்தையும் கடைகளும் பள்ளிகளும் அங்கே எழுந்தன. மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலைகளும் வீடுகளுக்கு அருகிலேயே அமைந்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தாய்மார் நடந்தே வேலைக்குப் போக முடிந்தது. ஒரு சம்பளம் வந்த குடும்பத்தில் இரண்டு சம்பளம் வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி கீழ்த்தளத்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. நம்மவர் பலர் நடத்திய ‘மாமா கடை’ என்னும் சிறு கடைகள் பிழைத்ததும் இப்படித்தான்.

இதன் மறுபக்கத்தை ஜூரோங் நமக்குக் காட்டியது. டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் 1961இல் அங்கே தொழிற்பேட்டைப் பணி தொடங்கியது. சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டது, சாலை வந்தது, 1965இல் துறைமுகமும் வந்தது. ஆனால் தொழிலாளர் குடியேறத் தயங்கினர். நகரிலிருந்து வெகு தூரம். பேருந்து வசதி குறைவு. மாலை நேரத்தில் பொழுது போக்கவும் இடமில்லை. இத்திட்டத்தைக் ‘கோவின் மடமை’ என்று சிலர் ஏளனம் செய்தனர். 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. ஆலைகளோடு வீடுகளுக்கும் பூங்காக்களுக்கும் அது கவனம் செலுத்தியது. 1971இல் பறவைப் பூங்கா திறந்தது. பெருவிரைவு ரயில் 1990இல் பூன் லே வரை எட்டியது. இயந்திரத்தை இறக்குமதி செய்துவிடலாம். அதை இயக்குபவர் மனநிறைவோடு வாழ ஓர் ஊர் வேண்டுமல்லவா?

இனி, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1955இல் தொடங்கிய மத்திய சேம நிதியில் தொழிலாளியும் முதலாளியும் பங்கு செலுத்துகின்றனர். 1968 முதல் அந்தச் சேமிப்பைக் கொண்டு கழக வீடு வாங்க அனுமதி கிடைத்தது. ஆகவே, முதலாளி செலுத்தும் பங்கும் தொழிலாளியின் வீட்டுச் சுவரில் ஒரு செங்கல்லாக இருக்கிறது.

1985இல் பொருளாதாரம் சரிந்தது. உற்பத்திச் செலவு மிகுந்துவிட்டது என்ற கருத்து வலுத்தது. 1986இல் முதலாளிகளின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தொழில்கள் மூச்சு விட்டன. பொருளாதாரமும் விரைவில் மீண்டது. ஆனால், அந்தச் சேமிப்பை நம்பி வீட்டுக் கடன் கட்டி வந்த குடும்பங்களுக்குச் சுமை கூடியது. நமக்கு இறங்கிய பாரம் வேறொருவர் தோளில் ஏறியது. இன்று 55 வயது வரையிலான தொழிலாளர்க்கு முதலாளி செலுத்தும் பங்கு 17 விழுக்காடு. சலுகை கேட்கும்போது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளர்ச்சிக்காக இழந்தவர்களையும் மறக்கலாகாது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழ்க் கம்பங்களும் தோட்டங்களும் பழைய கடைவீடுகளும் அரசின் கைக்கு மாறின. 1973க்குப் பின் இழப்பீடு அந்த ஆண்டின் மதிப்பையொட்டிக் கட்டுப்படுத்தப்பட்டது. முழுச் சந்தை மதிப்பில் இழப்பீடு தரும் முறை 2007இல்தான் வந்தது. தலைமுறையாக ஒரே தெருவில் வாடிக்கை பிடித்த சிறு வணிகருக்குப் புதுக் கடை கிடைத்தாலும், பழைய வாடிக்கையாளர் கூடவே வருவதில்லை. நிலம் மலிவாகக் கிடைத்ததால் பலருக்கு வீடு கிடைத்தது. அந்த மலிவின் விலையைச் சிலர் கொடுத்தனர். இரண்டும் உண்மை.

நேயர்களே, சிங்கப்பூரில் இந்திய வணிகர்களின் சபை 1924 முதல் இயங்கி வருகிறது. அதைப் போன்ற சபைகள் அரசுக்கு மனு எழுதும்போது வரியோடும் வாடகையோடும் நின்றுவிடக் கூடாது. புதிய நகரில் முதல் குடும்பம் குடியேறும் நாளிலேயே பேருந்தும் சந்தையும் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சிறு கடைகளுக்குக் கட்டக்கூடிய வாடகையில் இடம் ஒதுக்கச் சொல்லலாம். பழைய வட்டாரங்களைப் புதுப்பிக்கையில், அங்குள்ள கடைக்காரர்களை முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என வற்புறுத்தலாம். வேலையிடங்கள் நகர மையத்தில் மட்டும் குவியாமல் வட்டாரந்தோறும் பரவ ஆதரவு தரலாம். தெம்பனிஸ் போன்ற வட்டார மையங்களை வளர்க்க 1991ஆம் ஆண்டின் கருத்துத் திட்டம் வழிகாட்டியதும் இந்த நோக்கத்தில்தான்.

இப்படிக் கேட்பதைத் தருமம் என்று மட்டும் கொள்ள வேண்டாம். இது தெளிவான வணிகக் கணக்கு. ஒரு மணி நேரம் பேருந்தில் நின்று வந்தவரின் களைப்பு நம் கடையிலும் ஆலையிலும் தெரியும். வாடகைக்கே வருமானத்தைக் கொடுத்துவிட்டவரின் கையில் நம் பொருளை வாங்கக் காசு இராது. வேலைக்கு வருபவரும் பொருள் வாங்குபவரும் ஒரே மக்கள்தாம். அவர்கள் வீட்டுக் கணக்கு நேராக இருந்தால், நம் கடைக் கணக்கும் நேராகும்.